காற்று திரும்பியதும் நின்றுகொள்கிறேன்

போன வாரம் தூத்துக்குடிக்குப் போயிருந்தேன். கடற்கரைப் பக்கம் நான் முன்பு சப்ளையராக இருந்த சாப்பாட்டுக் கடையில், நல்ல பசியோடு இலை முன்னால் உட்கார்ந்தேன். சுவரில் ஒரு போர்டு. என் காலத்தில் அது கிடையாது.

'வேலையை விட்டு நிற்பவர்கள் ஒரு மாதம் முன்னால் சொல்ல வேண்டும். தோணிக்காரர்களுக்குக் கடன் இல்லை.'

ரசம் புரையேறிவிட்டது. பக்கத்து இலைக்காரர் என் தலையில் தட்டிவிட்டு, தானும் போர்டைப் படித்தார். "ரெண்டுக்கும் என்னவே சம்பந்தம்?" என்றார்.

சம்பந்தமா? நான்தான்!

கடை முதலாளி செல்லையா அண்ணாச்சி. நல்ல மனிதர். சோற்றில் கை சுருக்கமாட்டார். சம்பளத்தில்தான் ஒரு சின்னப் பழக்கம்... வேலைக்குச் சேர்ந்தவனின் முதல் மாதச் சம்பளத்தைக் கண்ணில் காட்டமாட்டார். 'பிடிமானம்' என்பார். வேலையை விடும்போது வாங்கிக்கொள்ளலாம். அதற்கு ஒரு மாதம் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் நின்றால், பிடித்தது பிடித்ததுதான். அவராகப் போகச் சொன்னால் மட்டும் அந்த நிமிஷமே எண்ணி வைத்துவிடுவார்.

எனக்கு இந்த நோட்டீஸ் எல்லாம் பழக்கமில்லை. எட்டாம் வகுப்பிலிருந்தே சொல்லாமல் நின்றவன் நான்.

கடைக்குப் பின்னால் கரையில், கச்சான் என்கிற மேல்காற்று ஓயட்டும் என்று ஒரு தோணி காத்துக் கிடந்தது. மலையாளக் கரைக்கு உப்பு ஏற்றிப் போகிற பாய்மரத் தோணி. கச்சான் அடங்கி வாடை தொடங்கினால்தான் பாய் விரிப்பார்கள். அதுவரை தண்டல் சந்தியாகுவும் அவருடைய ஆட்களும் எங்கள் கடையில்தான் கடனுக்குச் சாப்பாடு. தண்டல் என்றால் தோணிக்குக் கேப்டன். சமையல்காரர் வராத ஒருநாள் நான் வைத்த சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டுக் கேட்டார்:

"ஏலே, தோணியில சமைக்க ஆள் இல்ல. வாரியா?"

வருகிறேன் என்றேன். கடல் என்றால் கசக்குமா?

ஒரே ஒரு சிக்கல். ஏரலில் என் தங்கைக்கு அது பேறுகால மாதம். செலவுக்கு நான் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அந்தப் பிடிமானப் பணத்தைத் தவிர என்னிடம் இருந்த சொத்து ஒரு தகரப் பெட்டி. அதற்கும் பூட்டு கிடையாது. பணம் வாங்காமல் தோணி ஏறினால் தங்கை முகத்தில் விழிக்க முடியாது. ஏறாமல் நின்றால் வேறு ஒருவன் ஏறிவிடுவான்.

அண்ணாச்சியிடம் போய் நின்றேன்.

"நின்னுக்கிடுதேன் அண்ணாச்சி. இப்பவே சொல்லிட்டேன்."

"சரில. என்னைக்கு?"

"காத்து திரும்பினதும்."

"அது என்னைக்குல?"

"தண்டலுக்கே தெரியாதாம்."

அண்ணாச்சி கல்லாவில் சாய்ந்துகொண்டு சிரித்தார். "தேதி இல்லாம நோட்டீஸா? காத்துகிட்டப் போய்த் தேதி வாங்கிட்டு வா. அன்னையிலேர்ந்து ஒரு மாசம் எண்ணிக்கிடுதேன்."

சட்டம் அவர் பக்கம். சட்டத்தைச் செய்தவரும் அவர்தானே!

அப்புறம்தான் யோசித்தேன் — அவரே என்னைத் துரத்தினால்? மறுநாளே வேலையை ஆரம்பித்தேன். கேட்காதவனுக்கும் இரண்டாவது அப்பளம். பொரியலை அள்ளி அள்ளி வைத்தேன். மோர் கேட்டவனுக்குத் தயிர். லாரி டிரைவர் ஒருவர் போதும் போதும் என்று இலையை இரண்டு கையாலும் மறைத்தார். விரல் இடுக்கு வழியாகச் சோற்றைத் தள்ளினேன். வேலை நேரத்தில் கல்லாப் பக்கம் உட்கார்ந்து பேப்பர் படித்தேன்.

என்ன ஆயிற்று? முத்தையாபுரத்திலிருந்தெல்லாம் பஸ் ஏறிச் சாப்பிட வந்தார்கள். டிரைவர்கள் லாரியை வரிசையாக நிறுத்தினார்கள். அண்ணாச்சி என் தோளில் கை போட்டார். "ஏலே, ஒன்ன மாதிரி ஆளை எவனாவது விடுவானா?"

கெட்ட வேலைக்காரனாக இருப்பதற்கும் ஒரு திறமை வேண்டும். எனக்கு அது இல்லை.

கடைசியில் ஒருநாள் பந்தி நடுவில் எல்லாரும் இருமினார்கள். எங்கள் அடுக்களை கடல் பக்கம். கச்சான் அடித்த வரைக்கும் அடுப்புப் புகை கடலைப் பார்த்துத்தான் போய்க்கொண்டிருந்தது. அன்று அப்படியே திரும்பி, பந்திக்குள் நுழைந்து கண்ணைக் கரித்தது. வாடை வந்துவிட்டது! கண்ணீரோடு சிரித்தவன் நான் ஒருவன்தான்.

சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினால் கல்லாவில் அண்ணாச்சியைக் காணோம். புகை அவருக்கும் சேதி சொல்லியிருந்தது. தோணிக்காரர்கள் மாதக்கணக்காகச் சாப்பிட்ட கடன் நிற்கிறதே! வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரைக்கு ஓடிக்கொண்டிருந்தார். தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் ஓடினேன்.

"தண்டலே! கணக்கை முடிச்சுட்டுப் பாயை விரியும்!"

சந்தியாகு கயிறு சுற்றுவதை நிறுத்தவில்லை. "என்ன அண்ணாச்சி, பொறப்படுத அன்னைக்கு வந்து கேக்கீரு? ஒரு மாசத்துக்கு முன்னால நோட்டீஸ் குடுத்திருக்கணும்லா?"

"காத்து எப்பத் திரும்பும்னு எனக்கு என்னவே தெரியும்?" என்று கத்தினார் அண்ணாச்சி.

கயிறு நின்றது. தோணியில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் கடலைப் பார்த்தேன்.

"இவனும் அதத்தானே ஒம்மகிட்டச் சொன்னான்?" என்றார் சந்தியாகு.

ஒரு சிரிப்பு கிளம்பியது பாருங்கள்... அண்ணாச்சியின் காது சிவந்துவிட்டது. ஆனால் மனிதர் சூட்டிப்பானவர். எந்தக் கதவு திறந்தால் எந்தப் பணம் வரும் என்று தெரிந்தவர். மடியை அவிழ்த்து என் பிடிமானத்தை எடுத்து நீட்டினார். உடனே சந்தியாகுவும் சாப்பாட்டுக் கடனைத் தீர்த்தார்.

இப்போது எனக்குப் புதுச் சிக்கல். பாய் ஏறிக்கொண்டிருக்கிறது, தங்கை ஏரலில் இருக்கிறாள். விழித்துக்கொண்டு நின்றேன்.

"ஏலே, இங்க கொண்டா. நாளைக்கு ஏரல் சந்தைக்கு எலக்கட்டு வாங்கப் போவேம்லா, குடுத்துருதேன்" என்றார் அண்ணாச்சி.

யாரிடமிருந்து பிடுங்க அத்தனை பாடுபட்டேனோ, அவர் கையிலேயே திரும்பக் கொடுத்தேன். வேறு வழி? ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்... பணம் குறையாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது. கூடவே ஒரு வாழைத்தாரும். அது அவர் போட்ட வட்டி என்று வைத்துக்கொண்டேன்.

தோணி கரையை விட்டு வெகுதூரம் வந்த பிறகு, அடுப்பை மூட்டிக்கொண்டே தண்டலிடம் சம்பளப் பேச்சை எடுத்தேன்.

"மொத மாசத்த நான் புடிச்சு வச்சுக்கிடுவேன் மக்கா. வழக்கம் அதுதான்."

அடுப்பு ஊதுவதை நிறுத்தினேன். "நின்னுக்கிடணும்னா எவ்வளவு முன்னால சொல்லணும்?"

"சொல்லவே வேண்டாம். எப்பத் தோணுதோ அப்ப எறங்கிக்கோ."

சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு உலையில் அரிசியைப் போட்டேன்.