பதினாறு என்று போட்டிருந்த தாள்

மன்னூபியா யாரையும் எடுத்த எடுப்பில் நம்பிவிடமாட்டாள். மஹ்தியா துறைமுகத்தில் மீன் அடைக்கும் கூடமொன்றில் பதினொரு வருஷமாக மத்தி மீன் தரம் பிரிக்கிறாள். மேலே பெரிய மீனாக அடுக்கியிருந்தால் அடியில் கையை விட்டுப் பார்த்த பிறகுதான் பெட்டியை இழுப்பாள். கணவன் படகேறினால் பத்து நாளைக்கு வரமாட்டான். ஐந்தாம் வகுப்பு மகள் தக்வாவை அவள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அக்டோபரில் தக்வாவின் நோட்டுக்குள் ஒரு கடிதம் வந்தது. புதிதாக வந்த கணக்கு ஆசிரியர் லம்ஜத் எழுதியிருந்தார். சனிக்கிழமைகளில் வகுப்பு முடிந்ததும் ஒரு மணி நேரம் பிள்ளையோடு உட்கார்ந்து கணக்குப் போட, வீட்டிலிருந்து யாராவது வர வேண்டுமாம்.

"சும்மா கூப்பிடுவாராக்கும்!" என்றாள் கூடத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்யும் ஷாத்லியா. "போன வாத்தியாரும் இப்படித்தான கூப்பிட்டாரு? கடைசியில எல்லாப் பிள்ளையும் அவரு வீட்டு டியூஷன்ல போய் உக்காந்துச்சா இல்லையா?"

"அதுக்குத்தான் போறேன். டியூஷன்னு வாய் தொறக்கட்டும், அங்கயே நாறடிச்சிடறேன்."

முதல் சனிக்கிழமை கடைசி பெஞ்சில், கதவுக்குப் பக்கமாகப் போய் உட்கார்ந்தாள். எட்டு அம்மாக்கள், ஒரு அப்பா. மேசைமேல் நாலு நீள ரொட்டியும் ஒரு கத்தியும் இருந்தன. லம்ஜத்துக்கு முப்பது வயதிருக்கும். ஒவ்வொருவரிடமும் என்ன வேலை என்று கேட்டுக்கொண்டே வந்தார். கூடத்தில் மன்னூபியாவின் பெயர் எந்தப் பதிவிலும் இல்லை. வேலையைக் கேட்டு இவர் யாரிடம் சொல்லப் போகிறார்?

"வீட்டுலதான் இருக்கேன் சார்."

"பொய்! எங்கம்மா மத்தி பிரிக்கிறாங்க சார்," என்றாள் தக்வா. மன்னூபியா பெஞ்சுக்கடியில் அவள் தொடையைக் கிள்ளினாள்.

அவர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. அரை ரொட்டியில் பாதி பெரிதா, முழு ரொட்டியில் மூன்றில் ஒன்று பெரிதா என்றார். பிள்ளைகள் சொல்ல வேண்டும், பெற்றவர்கள் வெட்டிக் காட்ட வேண்டும். மன்னூபியா நாலாம் வகுப்போடு நின்றவள். கத்தியை வாங்கி மகள் காட்டிய இடத்தில் வெட்டினாள். தக்வா சொன்னது தப்பாகப் போனது. வெட்டிய துண்டுகளை இருவரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்கள்.

டியூஷன் பேச்சு வரவேயில்லை. அடுத்த வாரம் வரும் என்று காத்திருந்தாள், அப்போதும் வரவில்லை. 'ஆள் விவரமானவன், ஆற அமரப் பிடிப்பான்' என்று நினைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமைகூட விடாமல் போனாள். போனவளால் சும்மா இருக்கவும் முடியவில்லை. அங்கே போட்ட கணக்கை வீட்டில் மகளை உட்காரவைத்து மறுபடி போட்டுப் பார்த்தாள். அவர் தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டால்?

மார்ச் தேர்வில் தக்வா இருபதுக்குப் பதினாறு வாங்கி வந்தாள். அக்டோபரில் ஏழு வாங்கியவள்.

"யாரைப் பாத்துடி எழுதின?"

"நானே போட்டேம்மா!"

"நீயே போட்டியா, அவரே போட்டுக் குடுத்தாரா? தன் கிளாஸ் நல்லாருக்குன்னு காட்டிக்கணும்ல."

தக்வா அழுதாள். மன்னூபியா தாளை விரித்து ஒவ்வொரு கேள்விக்கும் போட்டிருந்த மதிப்பெண்ணை விரல்விட்டுக் கூட்டினாள். நாலு, மூணு, ரெண்டு, மூணு, மூணு. மூன்று தரம் கூட்டியும் பதினைந்துதான் வந்தது.

மறுநாள் காலை வேலைக்குப் போகாமல் பள்ளி வாசலில் அவரைப் பிடித்தாள்.

"இது என்ன சார் கணக்கு?"

லம்ஜத் தாளை வாங்கிக் கூட்டினார். முகம் சிவந்தது. "என் தப்புதாங்க. ஆனா பதினாறுக்குக் கீழ போனா அவளுக்குப் பாராட்டுச் சான்றிதழ் கிடையாதே. தப்பு என்னுது, இருந்துட்டுப் போகட்டுமே?"

"ஒண்ணு கூடப் போட்டவரு, இன்னொரு பிள்ளைக்கு ஒண்ணு கொறச்சும் போட்டிருப்பீங்க. மாத்துங்க சார்."

மாற்றினார். அன்றே எல்லாத் தாள்களையும் மறுபடி கூட்டிப் பார்த்ததில், ஒரு பையனுக்கு இரண்டு மதிப்பெண் விட்டுப்போயிருந்தது. தக்வா இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை. "ஊர்ல எந்த அம்மாவாவது இப்படிச் செய்வாங்களா?" என்று ஷாத்லியாவிடம் போய் முறையிட்டாள். மகள் சொன்னது மன்னூபியாவுக்கு வலித்தது. ஆனாலும் செய்தது தப்பென்று தோன்றவில்லை.

அதன்பின் லம்ஜத் தேர்வுத் தாள்களைப் பதிவேட்டில் ஏற்றுமுன் வீட்டுக்கு அனுப்பத் தொடங்கினார். சனிக்கிழமை ஆட்கள் இருபதைத் தாண்டினார்கள். கூட்டல் தெரியாதவர்கள் மன்னூபியாவின் பெஞ்சில் வந்து நெருக்கியடித்துக்கொண்டார்கள்.

ஜூன் தேர்வில் அந்த வகுப்பில் தோற்றவர்கள் மூன்றே பேர். முந்தின வருஷம் பாதி வகுப்பு தோற்றிருந்தது. ஒரு வாரத்தில் கல்வி ஆய்வாளர் வந்து இறங்கினார். இத்தனை பேர் எப்படித் தேறினார்கள், கேள்விகள் முன்னமே வெளியே போய்விட்டனவா என்று கேட்டார். முற்றத்தில் நின்ற அம்மாக்கள் கொதித்தார்கள்.

"நம்ம பிள்ளைங்களத் திருட்டுப் பசங்கங்கிறாரே, நீ என்ன பேசாம நிக்கிற?" என்று ஷாத்லியாவே அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். போன மாதம்தான் அவளும் தன் பேரனைக் கூட்டிக்கொண்டு வரத் தொடங்கியிருந்தாள்.

"அவரு கேக்கறது நியாயந்தானே? நானா இருந்தாலும் நம்பமாட்டேன்." மன்னூபியா நேரே ஆய்வாளரிடம் போனாள். "ஐயா, கேள்வியை நீங்களே எழுதிப் போடுங்க. பிள்ளைங்களை இடம் மாத்தி உக்கார வையுங்க. ஜன்னல் பக்கம் நாங்க யாரும் நிக்கல."

அப்படியே செய்தார். ஒரு மணி நேரம் அம்மாக்கள் தெருவில் வெயிலில் நின்றார்கள். தோற்றவர்கள் நாலு பேர் ஆனார்கள், மற்றவர்கள் தேறினார்கள். தக்வாவுக்குப் பதினாலு. ஆய்வாளர் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

அவர் கார் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்த மன்னூபியா லம்ஜத்திடம் கேட்டாள்: "அந்தத் தாளையெல்லாம் யாரு சார் கூட்டினா? அவரா, நீங்களா?"