வாளி சுமந்து வந்த கூன் அல்ல

14.8.1988, ஞாயிற்றுக்கிழமை, காலை மணி 7.20
ஈஜோக்

பார்வதியம்மாளை அறிந்த உறவினர்களுக்கும் தோட்டத்து நண்பர்களுக்கும்,

1. பார்வதியம்மாள் காலமானது குறித்து

கடந்த செவ்வாய்க்கிழமை, 9.8.1988 காலை, அவருடைய மகள் வசந்தா என் வாசலில் வந்து நின்று, “அம்மா போய்ட்டாங்க, கிராணி ஐயா” என்றாள். மே 22ஆம் தேதி குளியலறை ஈரத்தில் சறுக்கி இடுப்பெலும்பு முறிந்த பிறகு அவர் எழுந்திருக்கவே இல்லை. சாவு வீட்டுக்கு வந்தவர்கள் “விதி” என்றார்கள். அந்தச் சொல்லை நான் ஏற்கவில்லை.

நான் தோட்ட அலுவலகத்தில் கிராணியாகக் கணக்கெழுதிய காலத்தில், அவர் ஆயாக் கொட்டகையில், ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போன தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். 1984இல் ஒரு நாள், கொட்டகைக் கதவின் மேல்தாழ்ப்பாள் எட்டவில்லை என்று என்னிடம் வந்தார். ஆண்டுக்கணக்காக அவர் கையாலேயே போட்ட தாழ்ப்பாள் அது. “கதவு வளருது, ஐயா. அதுக்கு உரம் போடுறத நிறுத்தச் சொல்லுங்க” என்று சிரித்தார். தச்சரைக் கொண்டு கீழே இறக்கி அடிக்கச் செய்தேன். கதவு வளரவில்லை, அவர் முதுகெலும்பு குறுகிக்கொண்டிருந்தது.

அவருடைய தாயார் கூனித்தான் இடுப்பு முறிந்து படுத்தார். அக்காளும் அப்படியே. குடும்பத்தார் சொன்ன காரணம் ஒன்றுதான்: பால்வாளி சுமந்த கூன். இந்தத் தோட்டத்தில் வாளி சுமக்காதவர் யார்? அவர்கள் எல்லோரும் கூனிப் போனார்களா?

4.3.1985, திங்கட்கிழமை, முதுகுவலிக்காக அவரையும் அவர் அண்ணன் முனியாண்டியையும் மருத்துவமனைக்கு என் காரில் அழைத்துச் சென்று வெளியே காத்திருந்தேன். உள்ளே நடந்ததைத் திரும்பும் வழியில் அவரே சொன்னார். குடும்பத்தில் யாருக்கேனும் கூன், எலும்பு முறிவு உண்டா என்று மருத்துவர் கேட்டிருக்கிறார். கேள்வியைத் தமிழில் சொன்ன ஊழியர், முனியாண்டியின் மூத்த மகளைப் பெண் பார்த்துப் போன வீட்டுக்கு உறவு. தங்கை வாய் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார்: “எங்க பரம்பரையிலயே கெடையாது லா. எல்லாம் வாளி தூக்குன வலி.” தைலமும் மாத்திரையும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

“இடுப்பு என்னுது, ஐயா. வாய் மட்டும் அண்ணனுது” என்றார் பார்வதியம்மாள். வண்டியைத் திருப்பட்டுமா என்று கேட்டேன். “அண்ணன் பொண்ணு கல்யாணம் முடியட்டும்” என்றார். கல்யாணம் முடிந்தது. அதற்குள் அடுத்த மகள் சாந்தி வளர்ந்துவிட்டாள்.

2. வசந்தா சொல்ல வேண்டியது குறித்து

வசந்தாவுக்கு வயது நாற்பத்திரண்டு. அவளுக்கும் முதுகுவலி. வரும் வியாழன், 18.8.1988, மருத்துவரைப் பார்க்கப் போகிறாள். தங்கையின் உடலை எடுப்பதற்கு முன்பே முனியாண்டி அவளிடம் சொன்னதை என் காதால் கேட்டேன்.

“ஆஸ்பத்திரில அம்மா கதையெல்லாம் அளக்காத. நம்ம சாந்தியப் பொண்ணு பாக்க ஜெராம்லேர்ந்து வராங்க.”

“எனக்கு இடுப்பு ஒடஞ்சா, மாமா, ஜெராம்காரங்களா வந்து தூக்குவாங்க?”

நான் குறுக்கிட்டேன். “இது எங்க குடும்ப விஷயம், கிராணி ஐயா” என்று எனக்கும் வாய்ப்பூட்டு போட்டார்.

முனியாண்டி அவர்களே, குடும்ப விஷயம் என்பதால்தான் மருத்துவர் கேட்கிறார். தாய்க்கு முறிந்தால் மகளுக்கும் முறிந்தே தீரும் என்று நான் சொல்லவில்லை. ஆபத்து கூடுதல், தெரிந்தால் முன்கூட்டியே கவனிக்கலாம். நீங்கள் மறைக்கும் எலும்பு உங்கள் மகள்களின் உடம்பிலும் இருக்கக்கூடும். ஒரு சம்பந்தத்துக்காகத் தங்கையின் வாயை அடைத்தீர்கள். அவர் மகளின் வாயை அடைக்க உங்களுக்கு உரிமை இல்லை.

கொட்டகைக் கதவில், அவருக்கு எட்டாமல் போன உயரத்தில், பழைய ஆணித்துளைகள் இன்னும் இருக்கின்றன. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவற்றையும் அந்தச் சிரிப்பையும்தான். மற்றவற்றை வசந்தாவிடமே சேர்க்கிறேன்.

இணைப்பு (வசந்தாவுக்கான பிரதியுடன் மட்டும்):

(அ) பார்வதியம்மாளின் இடுப்பு எக்ஸ்ரே படம். அவருடைய துணிகளோடு எரிக்கச் சொல்லப்பட்டது. வசந்தா என்னிடம் கொடுத்து வைத்தாள். வியாழனன்று கையில் கொண்டு போகவும்.

(ஆ) ஜெராம் கடற்கரையில் எடுத்த புகைப்படம். தாய், அக்காள், பார்வதியம்மாள். படம் எடுப்பவர் நிமிரச் சொல்லியிருக்கிறார். மூவரும் முயன்றுகொண்டிருக்கிறார்கள்.