எட்டு கிளாஸ் தண்ணீர்

போன வாரம் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பயிற்சி வகுப்பு. வேடிக்கை பார்க்க நானும் போயிருந்தேன். தலைப்பைக் கேளுங்கள் — ‘வேலையில் மன அழுத்தத்தைக் குறைப்பது எப்படி?’ வந்து உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் கொழுந்து எடுக்கும் பெண்கள்.

கொழும்பிலிருந்து வந்த மிஸ் ரொம்ப நல்ல மாதிரி. கண்ணை மூடச் சொன்னார். மூச்சை நன்றாக இழுத்து விடச் சொன்னார். காலையிலிருந்து மலை ஏறி இறங்கி மூச்சு வாங்கிக்கொண்டிருந்த பெண்கள், மிஸ்ஸுக்கு மரியாதைக்காக இன்னொரு தடவை வாங்கினார்கள்.

அடுத்து அவர் சொன்னதுதான் விஷயம்.

“உடம்புல தண்ணி குறைஞ்சாலும் ஸ்ட்ரெஸ் கூடும். ஒரு நாளைக்கு எட்டு கிளாஸ் தண்ணி குடிங்க.”

சிரிப்பென்றால் அப்படியொரு சிரிப்பு! முன் வரிசையில் ஆரம்பித்து கடைசி வரிசை வரைக்கும் போனது. மிஸ்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. சும்மா சொல்லக்கூடாது, எனக்கும்தான்.

என் பக்கத்தில் விஜயா இருந்தாள். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்ச். நான் ஹட்டனுக்குப் போய் எழுத ஆரம்பித்தேன், அவள் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனாள். அவள்தான் எழுந்து கேட்டாள்.

“குடிக்கலாம் மிஸ். குடிச்சிட்டு எங்க போறது?”

மலையில் கழிப்பறை கிடையாது. செடி மறைவில் ஒதுங்கலாம் என்பீர்களா? தேயிலைச் செடி இடுப்பு உயரம்தான். கீழே ரோடு. ரோட்டில் வேனை நிறுத்தி, கொழுந்து எடுப்பதைப் போட்டோ பிடிக்கும் டூரிஸ்ட்டுகள்... வரிசை வீடுகள் இருக்கும் லயத்துக்கு இறங்கிப் போய்விட்டு வந்தால் அந்த நேரத்துக்குக் கொழுந்து குறையும். குறைந்தால் அன்றைக்கு ‘அரைப் பேர்’ — முழு நாளும் நின்றிருந்தாலும், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா பாதி நாள் வேலையாகத்தான் பதிவார்.

அதனால் பெண்கள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். விடியற்காலையில் ஒரு வாய் தேத்தண்ணி. பிறகு பகல் கொழுந்து நிறுக்கும்வரை ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. புதிதாக வேலைக்கு வரும் மருமகளுக்கும் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

மிஸ் கொஞ்சம் தடுமாறினார். “அத நீங்க... நிர்வாகத்துக்கிட்டதான் பேசணும்.”

“அதுதான் மிஸ் எங்களுக்கு ஸ்ட்ரெஸ்ஸே!” என்றாள் விஜயா.

வகுப்பு முடிந்ததும் எல்லோருக்கும் பரிசு. என்ன பரிசு தெரியுமா? தண்ணீர்ப் போத்தல்!

அன்று விஜயா வீட்டில்தான் தங்கினேன். சாயந்தரம் தேத்தண்ணி குடிக்கும்போது கேலியெல்லாம் போய்விட்டது. கொஞ்ச நாளாகவே அவளுக்கு இடுப்பு வலி, விட்டு விட்டுக் குளிர் காய்ச்சல். நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். ஒரு கிட்னி கெட்டுக்கொண்டு வருகிறதாம். இனியும் தண்ணீர் குடிக்காமல், அடக்கி அடக்கி வைத்தால் மற்றதும் போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

“அப்ப குடிக்க வேண்டியதுதானடி?” என்று கத்தினேன்.

“குடிச்சேனே. நாலஞ்சு நாளு போத்தல் கொண்டு போனேன். எறங்கி ஏறி வந்தேன். கண்டாக்கையா அரைப் பேரு போட்டுட்டாரு. அதுகூடப் பரவால்ல. ‘நீ கொழுந்து எடுக்க வந்தியா, லயத்துக்கும் மலைக்கும் நடக்க வந்தியா’ன்னு அத்தன பேரு முன்னாடி கேட்டாரு. அதுலருந்து குடிக்கிறதில்ல... பயமா இருக்குடி. கிட்னி போயிருமோன்னும் பயமா இருக்கு, அவரு பேசிருவாரோன்னும் பயமா இருக்கு.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இந்த மலையில் தண்ணீருக்கா பஞ்சம்? திரும்பிய பக்கமெல்லாம் ஊற்று. இங்கே ஊறுகிற தண்ணீரில்தான் நாட்டுக்கே கரண்ட் எடுக்கிறார்கள். அதில் ஒரு போத்தலைக் குடிக்க ஒரு பெண் பயப்பட வேண்டுமா? இந்த அழகில் மன அழுத்தம் என்று அவள் மனதுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள்! மூச்சை எவ்வளவு ஆழமாக இழுத்துவிட்டாலும் கழிப்பறை முளைக்காது, ஐயா.

லயத்துச் சுவர் கூரைவரை போகாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு காம்பராவில் பேசினால் அடுத்த காம்பராவுக்கும் சேர்த்துத்தான் பேச வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்வதியக்காவின் குரல் வந்தது.

“ஏ விஜயா... நீ ஒருத்தி குடிச்சதாலதான அரைப் பேரு போட்டாரு? நாங்க எல்லாரும் குடிச்சா என்ன செய்வாரு?”

விஜயா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். அதற்குள் பார்வதியக்கா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலை நானும் பெரட்டுக் களத்துக்குப் போனேன். வேலைக்குப் போகுமுன் எல்லோரும் கூடிப் பெயர் கொடுக்கிற இடம் அது. பனி மூட்டம். கூடையும், இடுப்பில் சுற்றிய படங்குமாகப் பெண்கள். ஒவ்வொருவர் கையிலும் புத்தம்புதுப் போத்தல்.

கண்டாக்கு ஐயா பேர் கூப்பிட ஆரம்பித்தார். “விஜயா!”

“இருக்கேங்கய்யா” என்றவள், மூடியைத் திறந்து, அண்ணாந்து, மடமடவென்று குடித்தாள். அவசரத்தில் பாதி சட்டையில் கொட்டியது. பார்வதியக்கா குடித்தார். பிறகு மொத்தக் களமும் அண்ணாந்தது. அந்தக் குளிரில் எல்லோரும் விழுங்குகிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

“என்ன இது, பிக்னிக்கா?”

“நேத்து வந்த மிஸ்தாங்கய்யா எட்டு கிளாஸ் குடிக்கச் சொன்னாங்க” என்றாள் விஜயா. போத்தலைக் கவிழ்த்துக் காட்டினாள். “நாங்க குடிச்சிட்டோம். இனி உங்க பாடுங்கய்யா.”

கத்தினார். பெண்கள் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் இரண்டிரண்டு பேராக லயத்துக்கு இறங்க ஆரம்பித்தார்கள். அவசரமே இல்லாமல் ஏறி வந்தார்கள். மறுபடி குடித்தார்கள். ஒருத்திக்கு அரைப் பேர் போடுவது சுலபம். மலைக்கே போட்டால், கொழுந்து ஏன் குறைந்தது என்று தோட்டத்தை நடத்தும் துரை கேட்பாரே! கண்டாக்கு ஐயா போனை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போவதைப் பார்த்தேன். பாவம், அவருக்கும் ஸ்ட்ரெஸ்தான். அவரும் ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்திருக்கலாம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது விஜயா போன் பண்ணினாள். மலையில் குழி வெட்டி, கொங்கிரீட் போட்டு, நாலு பக்கமும் தகரம் அடித்துவிட்டார்களாம். கதவு மட்டும் வரவில்லையாம். அடுத்த மாதம் பார்க்கலாம் என்கிறார்களாம்.

“அப்ப என்னடி செய்யப் போறீங்க?” என்றேன்.

“கதவு வர்ற வரைக்கும் குடிக்கப் போறோம்.”