கொடிக்கு வைத்த மருந்து

என் அக்காவின் கணவரை நினைத்தால் முதலில் கண்முன் வருவது, நீலப் பசை காய்ந்து வெடித்திருந்த அவருடைய வலது ஆள்காட்டி விரல்தான். ஓடைப்பட்டியில் அவருக்குத் திராட்சைப் பந்தல் உண்டு. கவாத்து செய்ததும் கொடியின் வெட்டுவாயில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பசையைத் தடவுவார்கள், கொடி அழுகாது. ஒருமுறை கத்தரி அவருடைய விரலையும் பதம் பார்த்துவிட்டது. அதே பிரஷ்ஷால் அதே பசையைத் தொட்டு விரலிலும் தடவிக்கொண்டார். "கொடிக்குக் கேக்குது, எனக்குக் கேக்காதா?" என்றாராம்.

சர்க்கரை நோய் அவருக்குப் பல வருடத்துத் துணை. விரல் நுனிகள் மரத்துப் போயிருந்தன. வலிக்கவில்லை என்பதையே ஆறிவிட்டதற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டார். பசைக்கு அடியில் சீழ் கட்டியது யாருக்கும் தெரியவில்லை. நான் போனபோது அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "ஏலே தம்பி, ஒன் மச்சான் கையப் பாரு. பொறங்கை இட்லி கணக்கா பொங்கிக் கெடக்கு. ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னா வர மாட்டேங்கிறாக." என்னால் எதையும் எண்ணாமல், அளக்காமல் இருக்க முடியாது. மணிக்கட்டுக்கு மேலே சிவப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று விரல் வைத்து அளந்தேன். நான்கு விரற்கடை. சாப்பிட்டு எழுந்து மறுபடி அளந்தேன். ஐந்து. "என்ன மாப்ள, சட்டைக்கா அளவெடுக்குற?" என்று சிரித்தவரைக் காரில் ஏற்றித் தேனிக்குக் கொண்டுபோனேன்.

பசையைக் கழுவிப் பார்த்ததும் மருத்துவரின் முகம் மாறியது. விரலை எடுத்தே ஆக வேண்டும். கிருமி உள்ளங்கைக்குள் இறங்கியிருந்தால் கையே நிற்குமா என்று சொல்ல முடியாது என்றார். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். மச்சான், "வெட்டுறதா இருந்தா கொடிக்கு விடுற மாதிரி ரெண்டு கண்ணு விட்டு வெட்டுங்க டாக்டர், அப்பத்தான் துளிர்க்கும்" என்றார். மருத்துவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கையை மட்டும் அவர் இடது கையால் விடாமல் பிடித்திருந்தார்.

விரல் போயிற்று, கை நின்றது. நடுவிரலைக் கொடுத்துக் கத்தரி பிடிக்கப் பழகிவிட்டார். பந்தல் கம்பி குத்தினால் இன்றைக்கும் அவருக்குத் தெரிவதில்லை. ஆகையால் நான் போகும்போதெல்லாம், சோற்றில் கை வைக்கும் முன் இரண்டு கைகளையும் வெளிச்சத்தில் நீட்டச் சொல்லி, விரல் விரலாகத் திருப்பிப் பார்க்கிறேன். இரண்டு கிழவர்கள் கைபிடித்து நிற்பது அக்காவுக்கு வேடிக்கை.

"ஒம்பதும் இருக்கா மாப்ள? சோறு ஆறுது."

"இருங்க மச்சான், இன்னும் எண்ணி முடிக்கல" என்கிறேன், கையை விடாமல்.