நாலாம் நம்பரில் பத்து நிமிஷம்

கித்துல்கலயில், எங்கள் ரப்பர் தோட்டத்துக்குக் கீழே, சுற்றுலாக்காரர்களை ஆற்றில் படகேற்றிக் கூட்டிப்போகும் இடம் ஒன்று இருந்தது. ஏ லெவல் எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த நாட்களில், அங்கே படகு வழிகாட்டியாகப் பழக ஓர் ஆள் வேண்டுமென்றார்கள். போய் நின்றேன். மேற்பார்வையாளர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நங்கி, இது ரப்பர் பால் வெட்டுற வேலை இல்ல,” என்றார் சிங்களத்தில். நங்கி என்றால் தங்கச்சி.

“தெரியும் சேர். ஆனா உங்க படகும் ரப்பர்தானே?” நானும் சிங்களத்திலேயே கேட்டேன்.

எனக்கு முன்பே வந்திருந்த மூன்று பையன்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கொட்டகையில் கிடந்த பழைய துடுப்பு மெஷினைக் காட்டினார். சனிக்கிழமை சோதனை. நாலாம் நம்பரில், நிறுத்தாமல் பத்து நிமிஷம்.

முன்னும் பின்னும் ஓடும் ஓர் இருக்கை, இரண்டு பக்கமும் துடுப்புப் பிடி. ஒவ்வொரு பிடிக்கும் ஓர் எண்ணெய்ச் சிலிண்டர், அதில் ஒன்று முதல் ஆறு வரை நம்பர் போட்ட வளையம். நம்பரைக் கூட்டினால் இறுகும்.

தோட்டத்தில், நாங்கள் இருக்கும் லயத்து வரிசை வீடுகளில், எல்லாமே வெயிலுக்கு முந்திதான். வெயில் ஏறினால் மரத்தில் பால் நின்றுவிடும் என்று அம்மா விடியுமுன்பே கத்தியோடு கிளம்பிவிடுவாள். அந்தப் பழக்கத்தில் நானும் தினமும் காலை ஆறு மணிக்கே போய் இழுத்தேன். மூன்று நிமிஷத்தில் கை விட்டுப்போகும். வியாழக்கிழமை மழை. மத்தியானம்தான் போக முடிந்தது. பையன்கள் அப்போதுதான் இழுத்துவிட்டு எழுந்தார்கள். அதே நாலு, இவ்வளவு லேசாக வந்தது! சிலிண்டரைத் தொட்டேன். சுட்டது.

பால் குளிரில் ஓடும், எண்ணெய் சூட்டில் இளகும். இத்தனை நாள் இறுகிய எண்ணெயோடு மல்லுக்கட்டிவிட்டு என் கையைத் திட்டியிருக்கிறேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணி. மெஷின் குளிர்ந்து கிடந்தது.

“பொம்பளப் புள்ள முதல்ல உக்காரட்டும்,” என்றான் பையன்களில் பெரியவன்.

“உக்காருறேன். ஆனா சேர், சிலிண்டர் ஆறின பிறகுதான் அடுத்த ஆள் உக்காரணும். ஏன்னு முடிச்சிட்டு சொல்றேன்.”

முதல் மூன்று நிமிஷம் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. விடவில்லை. தாண்டினால் இளகும் என்று இப்போது தெரியுமே. இளகியது. ஏழாம் நிமிஷத்தில் சும்மா ஆடிக்கொண்டே முடித்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் லேசாகக் கிடைத்தது என்று நாளைக்கு ஒருத்தரும் சொல்லக்கூடாது. வலது கையால் இழுத்தபடியே இடது வளையத்தை ஐந்துக்குத் திருப்பினேன். பிறகு கை மாற்றி வலதையும்.

“யாரு கூட்டச் சொன்னது?” என்று மேற்பார்வையாளர் அதட்டினார்.

“இளகிருச்சு சேர். இப்ப நாலு, நாலு இல்ல.”

பத்து நிமிஷம் முடிந்ததும், “தொட்டுப் பாருங்க,” என்றேன். தொட்டவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பிறகு பையன்களை, ஒவ்வொரு தடவையும் சிலிண்டர் ஆறும்வரை காத்திருக்க வைத்துத்தான் மெஷினில் ஏற்றினார்.

பெரியவன் நாலாம் நிமிஷத்தில் எழுந்துவிட்டான். “மெஷின்ல ஏதோ கோளாறு.”

“கோளாறு இல்ல அண்ணா, குளிரு.”

மற்ற இருவரும் ஆறு நிமிஷத்தைத் தாண்டவில்லை. மேற்பார்வையாளர் ஒரு மிதவைச் சட்டையை என் பக்கம் வீசினார். “நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு ஆத்துல இருக்கணும். எழும்புவியா?”

“எங்க லயத்துல ஆறு மணிக்குத் தூங்குறவங்க யாரும் இல்ல சேர்.”