கால்வாய்க்கரை மண்டபம்

கல்கத்தாவுக்கு வந்த முதல் வருஷம், ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் மனைவியும் அலிப்பூர்ப் பக்கம் கால்வாய்க் கரையோரமாக நடப்போம். பழைய படித்துறை, இடிந்த துரை பங்களா என்று ஏதாவது கண்ணில் படும். அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். முதல் இரண்டும் தங்காததால், அவள் கால் லேசாக இடறினாலே ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்வேன்.

ஒருநாள் புதருக்குள் நாலு தூண் வைத்த சின்ன மண்டபம் தெரிந்தது. நடுவில் வெள்ளைக் கல். எந்தச் சாமி என்று தெரியாமலே செருப்பைக் கழற்றிவிட்டு மூன்று சுற்று சுற்றினோம். பிள்ளை நல்லபடியாகப் பிறக்கவேண்டுமென்று விழுந்து கும்பிட்டேன். கல்லில் இங்கிலீஷ் எழுத்து இருந்தது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். கட்டிக்கொடுத்தவர் பேராக இருக்கும் என்று நினைத்தேன்.

கரையில் படகு கட்டிக்கொண்டிருந்த கிழவர் பார்த்துவிட்டு வங்காளத்தில் சொன்னார்: "பாபு, அது கோயில் இல்லை. துரை வீட்டுக் குழந்தையைப் புதைத்த இடம்."

நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "வா, உடனே வீட்டுக்குப் போய்த் தலைமுழுகணும். எங்க வந்து என்ன கேட்டுட்டேன்!"

அவள் நகரவில்லை. "நம்ம ரெண்டு பிள்ளைக்கும் இப்படி ஒரு கல்லுகூட இல்லையே," என்று சொல்லி, தலையிலிருந்த பூவை எடுத்து அங்கே வைத்தாள்.

மகள் பிறந்தபின் மூவருமாகப் போனோம். இந்த முறை தெரிந்தே செருப்பைக் கழற்றினேன். ஆனால் அவள் பூ வைத்துவிட்டு வரும்வரை, மகளை இறுக்கிப் பிடித்தபடி வெளியேதான் நின்றேன்.