நாற்காலிக்குப் போனவள்

எங்கள் கோயிலில் திருவிழாவுக்கு முதல் நாள் சாயங்காலம், பெண்கள் எல்லோரும் மண்டபத்தில் பாய் விரித்து உட்கார்ந்து மறுநாள் அன்னதானத்துக்குக் காய் நறுக்குவோம். பூசணி, முட்டைக்கோஸ், கத்தரிக்காய், மூட்டை மூட்டையாக வெங்காயம். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது பக்தி. சிங்கப்பூர் எல்லையை ஒட்டிய எங்கள் தெப்ராவ் வட்டாரத்தில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்பது அந்தப் பாயில்தான் தெரியவரும் என்பது உள்ளே இருக்கும் எங்களுக்குத்தான் தெரியும். யார் சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டார், யார் மருமகள் தனி வீடு பார்க்கிறாள், எல்லாம் அங்கே வெங்காயத்தோடு சேர்ந்து பொடிப்பொடியாகும்.

தரையில் உட்கார முடியாதவர்களுக்குச் சுவர் ஓரமாக, காற்றாடிக்குக் கீழே நாற்காலி போடுவார்கள். நாற்காலிக்குப் போனவர்களுக்கு மரியாதை கிடைக்கும், சூடாக மைலோ கிடைக்கும். செய்தி மட்டும் கிடைக்காது. முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு உட்கார்ந்தால்தானே ரகசியம் பேச முடியும்? நாற்காலிக்காரர்களுக்குக் கேட்கும்படி யார் கத்துவார்கள்?

அதனால்தான் என் இடது இடுப்பு தேய்ந்துகொண்டே போனபோதும் நான் வாயைத் திறக்கவில்லை. தைலம் தேய்த்தேன், ஒத்தடம் கொடுத்தேன், பாயிலிருந்து எழும்போது மட்டும் தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு "கால் மரத்துப் போச்சு" என்று சொல்லிச் சமாளித்தேன். கடைசியில் சாமி அறையில் விளக்கேற்றக் குனிந்தவள் நிமிர முடியாமல் அப்படியே நின்றேன். என் வீட்டுக்காரர் நான் ஏதோ பெரிய வேண்டுதலில் இருக்கிறேன் என்று நினைத்து டிவி சத்தத்தைக் குறைத்தார். நான் போட்ட கூச்சலில்தான் ஓடி வந்தார்.

மருத்துவர் சீனர், சாது. எக்ஸ்ரேயைக் காட்டி, மூட்டை மாற்றத்தான் வேண்டும் என்று விளக்கினார். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "டாக்டர், அப்புறம் நான் தரையில உக்காரலாமா?"

"வேண்டாம் ஆண்டி. சேர்லதான் லா," என்று அவர் தனக்குத் தெரிந்த தமிழில் சிரித்தபடி சொன்னார்.

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அறுவைச் சிகிச்சைக்குப் பயந்து அழுகிறேன் என்று நினைத்து அவர் நீண்ட நேரம் தைரியம் சொன்னார். கத்திக்கு யார் பயந்தார்கள்? நான் அழுதது பாய்க்காக.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் களத்தில் இறங்கினார். தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பழுதானது எதுவும் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்த மனிதருக்கு நான் வாய்த்தேன்.

"டாக்டர் என்னா சொன்னாரு? உக்காரும்போது முட்டிய விட இடுப்பு மேல இருக்கணும். அப்ப எல்லாத்தையும் ஒசத்திட வேண்டியதுதான்."

"எல்லாத்தையும்னா?"

"எல்லாத்தையும்தான்."

மறுநாளே மண்பாண்டத்துக்குப் பேர்போன ஆயர் ஈத்தாமுக்குப் போய்க் கார் நிறைய மண் பூந்தொட்டி வாங்கி வந்தார். கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் சோபாவின் கால்களை நிறுத்தினார். எனக்குச் சந்தேகம்தான். ஆனால் ஒரு பொறியாளரின் மிடுக்கோடு அவரே சோதித்துப் பார்க்க உட்கார்ந்தார். டொப்பென்று ஒரு தொட்டி உடைந்தது. சோபா ஒரு பக்கம் சாய, அவர் தொலைக்காட்சி வரை வழுக்கிக்கொண்டு போனார். "அலமாக்!" என்று மட்டும் சொன்னார். நான் வலியையும் மறந்து சிரித்தேன்.

பிறகு தச்சரிடம் சொல்லிக் கெட்டியான மரக்கட்டைகள் செய்து கொண்டுவந்தார். சோபா, கட்டில், சாப்பாட்டு நாற்காலி எல்லாம் ஒரு சாண் வளர்ந்தன. கழிப்பறை இருக்கைக்கு மேல் இன்னொரு இருக்கை வந்தது. தடுக்கிவிடும் என்று கால்மிதிகள் எல்லாம் அலமாரிக்குப் போயின. என் வீட்டுக்காரர் கொஞ்சம் குள்ளம். அதன் பிறகு எங்கள் வீட்டில் அவர் எங்கே உட்கார்ந்தாலும் கால் தரையைத் தொடாமல் ஆடிக்கொண்டேயிருந்தது. மீதித் தொட்டிகளில் நான் கற்பூரவள்ளி நட்டேன்.

அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மயக்கம் தெளிந்ததும் நான் முதலில் கேட்டது "என்ன விசேஷம்?" என்றுதானாம். தங்கை இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள்.

உண்மையான கூத்து வீட்டுக்கு வந்த பிறகுதான். இந்த நாட்டில் உடம்பில் கத்தி பட்டால் விரால் மீன் சாப்பிட்டே ஆக வேண்டும். அதில் மட்டும் எந்த இனத்துக்கும் மாற்றுக் கருத்து இல்லை. பக்கத்து வீட்டு மலாய் அம்மா இஞ்சி போட்டு ஹாருவான் சூப் கொண்டுவந்தார். எதிர்வீட்டுச் சீன அம்மா அதே மீனை மூலிகையோடு கொதிக்கவைத்துக் கொண்டுவந்தார். தங்கை பூண்டும் மிளகும் தட்டிப் போட்டுக் குழம்பு வைத்தாள். குளிர்பெட்டியைத் திறந்தால் விரால்கள் வரிசையாக என்னை முறைத்தன. ஆறியது புண் மட்டுமல்ல, மீன் ஆசையும்தான்.

உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க ஒரு மலாய்ப் பெண் வீட்டுக்கு வந்தாள். கால் மேல் கால் போடக் கூடாது, கீழே விழுந்ததைக் குனிந்து எடுக்கக் கூடாது, தூங்கும்போது கால்களுக்கு நடுவே தலையணை வேண்டும். நான் எதைக் கேட்டாலும் "தாக் போலே, மக்சிக்", கூடாது ஆண்டி, என்று கொஞ்சலாகத் தடுத்துவிடுவாள். பாயில் உட்காரலாமா என்று விதவிதமாகக் கேட்டுப் பார்த்தேன். பதில் ஒன்றுதான்.

கீழே விழுந்ததை எடுக்க நீளமான இடுக்கி ஒன்று கொடுத்தார்கள். பிடியை அழுத்தினால் மறுமுனை கவ்வும். அதை வைத்துச் செய்தித்தாள் எடுத்தேன், செருப்பை இழுத்தேன், என் வீட்டுக்காரர் மறைத்துவைத்த முறுக்கு டப்பாவையும் அலமாரி உச்சியிலிருந்து இறக்கினேன்.

ஒருநாள் தங்கை வந்து, உயர்ந்த சோபாவில் ஏறி உட்கார்ந்தவுடன் குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, நம்ம கோயில் பொருளாளரு தங்காக் ஊருக்கே போயி ஜவுளிக் கடையில பட்டுச் சேலை எடுத்தாராம். அட்டப்பெட்டி நெறைய!"

பொருளாளர் மனைவியை இழந்து பல வருடமானவர். மகன்கள் இரண்டு பேர்.

"பையனுக்குப் பொண்ணு பாத்துட்டாரா?"

"அதான் தெரியல. ரெண்டு பயலும் வாயத் தொறக்க மாட்டேங்கறானுங்க. திருவிழாவுக்குக் காய் நறுக்கும்போது தெரிஞ்சிடும்."

அவள் பாயில் உட்கார்ந்து தெரிந்துகொள்வாள். நான் சுவர் ஓரத்தில் மைலோ குடித்துக்கொண்டிருப்பேன். அன்று பயிற்சியை ஆத்திரத்தோடு செய்தேன். அந்த மலாய்ப் பெண் என் முன்னேற்றத்தைப் பார்த்துக் கைதட்டினாள்.

திருவிழா வருவதற்குள் வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வந்துவிட்டேன். கோயில் நாற்காலி தாழ்வானது என்று என் வீட்டுக்காரர் வீட்டில் உயர்த்திய நாற்காலியையே காரில் ஏற்றிக் கொண்டுவந்தார். மண்டபத்துக்குள் நான் நுழைந்ததும் பாயில் பேச்சு நின்றது. "வாங்கக்கா, பாத்து வாங்க" என்று எல்லோரும் எழுந்தார்கள். எனக்கு அந்த மரியாதையே பிடிக்கவில்லை. காற்றாடிக்குக் கீழே கொலுவில் மேல்படி பொம்மை மாதிரி என்னை உட்காரவைத்தார்கள். மைலோ வந்தது. பேச்சு மறுபடி தொடங்கியது, எனக்குக் கேட்காத தூரத்தில்.

தங்கையின் தலை இன்னொரு தலையோடு ஒட்டியிருந்தது. என்னால் எவ்வளவு முன்னால் சாய முடியுமோ அவ்வளவு சாய்ந்தேன். அதற்கு மேல் புது இடுப்பு அனுமதிக்கவில்லை. அழுகை வருகிற மாதிரி இருந்தது.

பக்கத்து நாற்காலியில் ஓய்வு பெற்ற நர்ஸம்மா ஒருவர் இருந்தார். முட்டி வலியால் எப்போதோ நாற்காலிக்குப் போனவர். என்னைப் பார்க்காமலே மெல்லக் கேட்டார்.

"பட்டுச் சேலை யாருக்குன்னுதான காத நீட்டற?"

"ஆமாம்மா."

"அவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் சுவரைக் காட்டினார்.

"பிளக் பாயிண்ட் இங்கதான இருக்கு? பொருளாளரு போனுக்குச் சார்ஜ் போட்டுட்டே இங்க நின்னுதான் பேசுவாரு. நாற்காலியில உக்காந்தவளுக்குக் காது கேக்காதுன்னு எல்லாருக்கும் நெனப்பு. மாப்பிள பையன் இல்லமா. அப்பன்தான்! ஆயர் ஈத்தாம்ல ரிட்டையர் ஆன டீச்சராம் பொண்ணு."

"இத ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யாரு கேட்டா?" என்றார். "இத்தன வருசமா பக்கத்துல பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாம உக்காந்திருந்தேன். நல்லவேளை, ஒன் இடுப்பு போச்சு."

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அவரும் சிரித்தார். வயிறு குலுங்க, மைலோ சிந்த, இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அப்படி ஒரு சந்தோஷம் அன்றுதான் வந்தது.

பாயில் பேச்சு மறுபடி நின்றது. இந்த முறை அது மரியாதையால் இல்லை.

"என்னக்கா? என்ன சிரிப்பு?" என்றாள் தங்கை.

"ஒன்னுமில்ல, சும்மாதான்," என்றேன்.

அந்தக் கூட்டத்தில் சும்மா என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். தங்கை கத்தியைக் கீழே வைத்தாள். "அந்தப் பக்கம் புடிங்க," என்றாள். நான்கு மூலையையும் நான்கு பேர் பிடிக்க, பூசணியும் வெங்காயமுமாகப் பாய் தரையில் இழுபட்டுக்கொண்டு எங்கள் காலடிக்கு வந்தது. யாரோ ஒரு பலகையையும் கத்தியையும் என் மடியில் வைத்தார்கள்.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார்.

"போலாமா? ரொம்ப நேரம் உக்காரக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாருல?"

"காரத் திருப்பி நிறுத்திட்டு, டீ குடிச்சிட்டு மெதுவா வாங்க," என்றேன். "இப்பதான் பாய் வந்து சேந்திருக்கு."